பாவனை வேறு, பொய் வேறு

பொய் கூடாது என்பதில் நமக்குள் அபிப்பிராய பேதம் கிடையாது. எது பொய் என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பமாகிறது. தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டி வைப்பது பொய். கிழிந்த துணியை மடிப்புக்குள் மறைத்து விற்பது பொய். இவற்றில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் ஒருவன் அரச வேடம் பூண்டு "இந்த நாடு என்னுடையது" என்று முழங்குவது பொய்யா? குழந்தை ஒரு குச்சியைக் குதிரை என்று சொல்லி ஓட்டுவது பொய்யா?

இந்தப் பழைய கேள்வி இப்பொழுது புதிய உருவத்தில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலோ, கிள்ளானில் தெங்கு கிளானா வீதியிலோ கடையை அடைத்துக் கணக்கு முடித்து, இரவு பத்து மணிக்கு ஒரு தகப்பனார் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளறையில் மகன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, "காவற்காரன் திரும்புவதற்குள் பூட்டைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறேன்" என்று யாரிடமோ சொல்கிறான். "யார் வீட்டுப் பெட்டியடா?" என்று அதட்டினால், "ஒன்றுமில்லை அத்தா, விளையாட்டு" என்று பதில் வருகிறது. அத்தாவுக்கு விளங்கவில்லை. விளங்காததைத் தடுத்துவிடுவதும் சுலபம். விளங்காததை அப்படியே விட்டுவிடுவதும் சுலபம். இரண்டையும் விட்டுச் சற்று விசாரிப்போம்.

இந்த விளையாட்டில் பெரும்பகுதி பேச்சுத்தான். நான்கைந்து பேர் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவர் கதையை நடத்துபவர். டஞ்ஜன் மாஸ்டர் என்று அவரைச் சொல்வார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருத்தி வில்லாளி, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், சுறுசுறுப்பு, உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். "எதிரே ஓர் இடிந்த கோட்டை, வாசலில் தீவட்டி எரிகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். சுவரேறுகிறேன் என்பான் ஒருவன். ஏற முடிந்ததா, வழுக்கி விழுந்தானா? இருபது முகமுள்ள பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணையும் கூட்டிப் பார்க்கிறார்கள். குறித்த அளவை எட்டினால் ஏறிவிட்டான், எட்டாவிட்டால் விழுந்தான். வழக்கமாகப் பணயம் கிடையாது. கூட்டத்தில் ஜெயித்தவர், தோற்றவர் என்றும் கிடையாது. கதை மட்டும் வாரா வாரம் நீண்டுகொண்டு போகும்.

இவ்வகை விளையாட்டுகளுள் முதலாவது என்று சொல்லப்படும் டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து முதற்பதிப்பாக ஆயிரம் பிரதிகள் போட்டார்கள். அதற்கும் முன்னோடி, 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் நடுவர் ஒருவரை வைத்து ஆடிய போர்ப்பயிற்சி விளையாட்டு. 1980-களில் அமெரிக்காவில் ஒரு சாரார் இது பிசாசு வழிபாடு என்று பெரும் கூச்சல் போட்டார்கள். அந்தப் பீதி பிறகு அடங்கிப் போயிற்று. 2012-ல் ரோல்20 என்னும் தளம் வந்தபின், தூர தூரத்தில் இருப்பவர்கள் கணினித் திரையையே மேசையாகக் கொண்டு ஆட வழி ஏற்பட்டது. 2020 மார்ச் 18-ல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மற்ற நாடுகளிலும் அவ்வாறே வீட்டுக்குள் அடைபட்டவர்கள் இந்தத் திரைமேசையை நாடினார்கள். ஆகவே பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிள்ளையும், கிள்ளானில் ஒரு பிள்ளையும், சென்னையில் சிற்றப்பா மகனும் ஒரே கோட்டை வாசலில் நிற்பது இன்று பெரிய அதிசயமில்லை.

செலவு என்ன ஆகும் என்று வியாபாரி கேட்பது நியாயமே. தொடங்குவதற்குச் செலவே வேண்டாம். அடிப்படை விதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; 2023 ஜனவரியில் அந்த விதித்தொகுப்பு ஒன்றை எவரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடேயே வெளியிட்டுவிட்டார்கள். தடித்த புத்தகங்களும் வர்ணப் பகடைகளும் வேண்டுமென்று மகன் முதல் வாரமே கல்லாவைப் பார்த்தால், ஆறு மாதம் ஆடிவிட்டு வா என்று சொல்லலாம்.

நிற்க. பாவனைக்கு வருவோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளம் பிராயத்தில் வைத்திருந்த விளையாட்டுப் பொருள்களில், துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அவர்கள் பதில் சொல்ல, பெருமானார் வாய்விட்டுச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. இல்லாத குதிரையைப் பற்றிய அந்தப் பேச்சை அவர்கள் பொய் என்று கண்டிக்கவில்லை. இறக்கை துணி என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

மதரஸாக்களில் அரபி இலக்கியப் பாடமாக ஓதப்பட்டு வந்த மகாமாத் என்னும் கிதாபை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆசிரியர் பஸ்ராவைச் சேர்ந்த அல்-ஹரீரி (1054-1122). ஐம்பது அத்தியாயங்கள். அபூஸைத் என்ற ஒரு நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன் ஊருக்கு ஊர் வேஷம் மாற்றி வருகிறான். ஓரிடத்தில் உபதேசியாகவும், வேறோரிடத்தில் ஏழையாகவும் நிற்கிறான். அப்படி ஒரு மனிதன் பேசாத பேச்சை எழுதுவது ஆகுமா என்ற ஆட்சேபணை வரும் என்று ஹரீரிக்குத் தெரிந்திருந்தது. ஆகவே முன்னுரையிலேயே அதற்குச் சமாதானம் எழுதிவிட்டார். விலங்குகள் பேசுவதாகக் கதை சொன்னவர்களை யாராவது பாவிகள் என்று சொன்னதுண்டா என்பதே அவர் கேள்வியின் சாரம்.

இந்த நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. 1885-ல் பினாங்கில் மாமாக் புஷி என்று அறியப்பட்டவர் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். பங்சாவான் என்ற அந்த நாடக வகை மலாய் மாநிலங்களெங்கும் பரவிற்று. அரபுக் கதை, பாரசீகக் கதை, இந்தியக் கதை எல்லாம் அதில் உண்டு. அதில் எழுதிவைத்த வசனம் கிடையாது. திரை தூக்குமுன் கதையின் போக்கை மட்டும் நடிகர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். பேச்சை அவரவர் மேடையில் நின்றபடியே கற்பித்துப் பேச வேண்டும். இன்று கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை செய்வது ஏறக்குறைய அதுவேதான். டிக்கெட் வாங்கி எதிரே உட்காரும் கூட்டம் ஒன்றுதான் இல்லை.

ஆகவே, கேட்பவர் அனைவருக்கும் பாவனை என்று தெரிந்த பாவனை பொய்யாகாது என்று நான் நினைக்கிறேன். திருடன் வேஷம் போட்டவன் திருடனல்லன். இதற்கு மாறான உதாரணத்தை நம் வியாபாரத்திலிருந்தே எடுக்கலாம். ஏலம் நடக்கிற இடத்தில், வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவன், விற்பவனோடு பேசி வைத்துக்கொண்டு, வாங்க வந்தவன்போல் நின்று விலையை ஏற்றிவிடுகிறான். நஜ்ஷ் என்று அதற்குப் பெயர், ஹதீஸில் தடுக்கப்பட்டது. அவனும் வேஷம்தான் போடுகிறான், வசனம்தான் பேசுகிறான். ஆனால் எதிரே நிற்கும் கொள்முதல்காரனுக்கு அது நாடகம் என்று தெரியாது. அரச வேடம் போட்டவனையும் இவனையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் அறியாமைதான். "இருபது ரிங்கிட்டுக்குக் கீழே கட்டாது" என்று பேரத்தில் சொல்வதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று குறும்பாகக் கேட்பவர்கள் உண்டு. பேரம் என்று இருவருக்கும் தெரிந்தவரை ஒரு பக்கம். "என் அசல் விலையே பதினெட்டு" என்று இல்லாத அசலைச் சொன்ன நிமிஷத்தில் மறுபக்கம். இதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் எனக்குக் கடைத்தெருவில் நடக்க முடியாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், புதிதாக இந்த விளையாட்டில் சேரும் பிள்ளைகளுக்கு எது ஆபத்து என்பதும் தெளிவாகும். கதைக்குள்ளே ஒருவன் நானூறு வயதுக் கிழவன் என்று சொல்லிக்கொள்ளட்டும், கேடில்லை. கதைக்கு வெளியே நாற்பது வயதுக்காரன் தன்னைப் பதினாறு வயது என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளோடு கூடினால், அதுதான் பொய், அதுதான் ஆபத்து. முகம் தெரியாதவர்கள் கூடும் இடமாகையால் தகப்பனார் விசாரிக்க வேண்டியது இதை. மகன் திருடன் வேஷம் போட்டதை விசாரித்துக்கொண்டு, எதிரே பேசுபவர் யார் என்பதை விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம். முதன்முதலில் ஆடுகிறவர்கள் தெரிந்த நண்பர்கள், உறவினர் பிள்ளைகள் என்று ஒரு சிறு கூட்டமாக ஆரம்பிப்பது உத்தமம்.

வேறொன்றும் உண்டு. புதியவன் ஒருவன் தன் தோழர்களின் பாத்திரங்களிடமிருந்தே கதைக்குள் பொன்னைத் திருடிவிட்டு, "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்பான். இந்தச் சாக்கு அந்த விளையாட்டுக்காரர்களிடையே மிகப் பிரசித்தம். பொன் பொய், திருட்டும் பொய், தோழனுக்கு ஏற்பட்ட மனக்கசப்பு மெய். பாத்திரம் அப்படித்தான் என்றால், அப்படிப்பட்ட பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்த கை யாருடையது?

பகடையைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். நர்து என்னும் பகடையாட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து ஹதீஸ் வந்திருக்கிறது. பணயம் இல்லாவிட்டாலும் ஆகாது என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து. நம் ஷாஃபியீ மத்ஹபின் அறிஞர்கள், யோசனையையும் கணக்கையும் ஆதாரமாகக் கொண்ட ஆட்டத்தைச் சதுரங்கத்தோடும், வெறும் அதிர்ஷ்டத்தை ஆதாரமாகக் கொண்டதை நர்தோடும் சேர்த்து வகுத்தார்கள். இந்த விளையாட்டு எந்தப் பக்கம்? பகடை இருக்கிறது, ஆனால் பணயமும் வெற்றியும் இல்லை, பெரும்பகுதி யோசனை. தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆலிமிடம் கேளுங்கள், ஆனால் "பகடை உருட்டலாமா?" என்று பாதியைக் கேட்காமல் முழு விவரத்தையும் சொல்லிக் கேளுங்கள். மனம் ஒப்பாதவர்களுக்குப் பகடையே இல்லாத வகைகளும் உண்டு. 1991-ல் வெளிவந்த ஆம்பர் என்ற விளையாட்டு அப்படிப்பட்டது. அதுபோலவே, கற்பனைத் தெய்வம் ஒன்றைப் பூஜிக்கும் குருக்கள் பாத்திரமும் இவ்விளையாட்டில் வரும். நம் பிள்ளை அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாள்வீரனாக இருந்துகொள்ளலாம், யாரும் வற்புறுத்துவதில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. அந்த விளையாட்டுக்காரர்களே பல வருஷங்களாகத் தங்களுக்குள் தர்க்கம் செய்துவரும் கேள்வி அது.

கதை நடத்துபவர் தம்முன் ஓர் அட்டைத் தட்டியை நிறுத்தி, அதன் மறைவில் பகடை போடும் வழக்கம் உண்டு. கணினியிலும் அவர் மட்டும் பார்க்கும்படி போட வசதி இருக்கிறது. இப்பொழுது ஒரு பெண்பிள்ளை புதிதாகச் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாலை முழுதும் செலவிட்டுத் தன் பாத்திரத்தை உருவாக்கி, அதற்குப் பெயர் வைத்து, ஊர் வைத்து, ஆசையோடு வந்திருக்கிறாள். முதல் இரவு, முதல் சண்டை. பூதத்தின் முறை வருகிறது. தட்டிக்குப் பின்னால் பகடை 20 காட்டுகிறது. விதிப்படி அது இரட்டை அடி. தொடக்க நிலைப் பாத்திரம் அதில் சாய்ந்துவிடக்கூடும். நடத்துபவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். "ஏழு. அடி தவறிவிட்டது" என்கிறார். அவள் மகிழ்கிறாள். யாருக்கும் நஷ்டமில்லை. இது பொய்யா?

இரக்கம்தானே என்பார்கள் பலர். 1979-ல் கைகாக்ஸ் எழுதிய வழிகாட்டி நூலும் பகடையை மீறும் உரிமையை நடத்துபவருக்குக் கொடுத்திருக்கிறது. 2014-ல் வந்த பதிப்பும், தட்டியின் மறைவில் எண்ணை மாற்றிச் சொல்ல முடியும் என்பதை ஒளிக்காமலே சொல்கிறது. விளையாட்டின் நோக்கம் சந்தோஷம், ஒரு புதியவளை முதல் நாளே அழவைத்து அனுப்பினால் அவள் மறுபடி வருவாளா என்ற வாதம் லேசானதன்று. நான் அதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

காரணம் சொல்கிறேன். ஒரு மளிகைக்காரர் ஒரு கிலோ பருப்பு என்று சொல்லி, ரகசியமாக நூறு கிராம் கூடுதலாகவே எப்பொழுதும் போடுகிறார். வாங்குபவருக்கு லாபம், அவரிடம் கேட்டால் இதில் என்ன பாவம் என்பார். ஆனால் அந்த வாடிக்கைக்காரர் ஒரு நாள் அடுத்த கடையில் வாங்குகிறார். அங்கே நேர்மையாக ஒரு கிலோ நிறுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் டப்பாவில் கொட்டினால் வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிகிறது. "அவன் தராசில் குறை" என்று ஊரெல்லாம் சொல்கிறார். ஒரு கெடுதலும் செய்யாத அடுத்த கடைக்காரர் கள்ளனாகிவிட்டார். கூடுதலாகக் கொடுப்பது மேலான குணம்தான். தாம் கொடுக்க வேண்டிய விலையை நிறுப்பவரிடம் சற்றுத் தாராளமாக நிறுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அது நிறுப்பவரிடம் வாய்திறந்து சொன்னது. கூடுதல் என்று தெரிந்து கொடுத்த கூடுதல். தராசின் பெயரில் ஒளித்த கூடுதல் அன்று.

பகடையும் அப்படியே. அந்தப் பெண் தப்பித்தது அதிர்ஷ்டத்தால் என்று நினைக்கிறாள். அடுத்த வாரம் துணிந்து ஒரு குகைக்குள் இறங்குகிறாள். தன் திறமையை நம்பி இறங்குவதாக நினைக்கிறாள். என்றாவது ஒரு நாள் உண்மை தெரிந்தால், அந்த ஒரு 20 மாத்திரம் கெடாது. அதுவரை அவள் பெற்ற எல்லா வெற்றியும் சந்தேகத்துக்கு இடமாகும். வேறொரு மேசையில் நேர்மையாக ஆடித் தன் பாத்திரத்தைப் பறிகொடுத்தவனுக்கு, அங்கே நடத்தியவர் கொடியவர் என்றும் தோன்றும்.

அப்படியானால் இரக்கத்துக்கு வழியே இல்லையா? தாராளமாக உண்டு. "20 விழுந்திருக்கிறது. நீ புதியவள், இது முதல் நாள், ஆகையால் பூதத்தின் வாள் நழுவிப் போனதாக வைத்துக்கொள்வோம்" என்று அவர் எல்லோருக்கும் முன்னால் சொல்லட்டும். நீதிபதி மன்னிக்கலாம்; சாட்சியத்தைத் திருத்தக்கூடாது. மீறும் உரிமை என்று கைகாக்ஸ் கொடுத்தது அதிகாரம். அதிகாரத்தைப் பகிரங்கமாகச் செலுத்தினால் என்ன குறைந்துவிடும்? சுவாரஸ்யம் குறைந்துவிடும் என்பார்கள். குறையும்தான். எனக்குச் சம்மதம்.

இதே நியாயம் மறுபுறமும் செல்லும். கணினி வழியே ஆடும்போது சிலர் சொந்தப் பகடையைத் தம் வீட்டு மேசையில் உருட்டி, விழுந்த எண்ணை வாயால் சொல்வார்கள். அங்கே பார்ப்பவர் யாருமில்லை. 4 விழுந்ததை 14 என்று சொல்ல ஒரு நொடி போதும். பணம் போகாது, பெயர் கெடாது, பிடிபடவும் வழியில்லை. அற்ப விஷயம் என்று தோன்றும். முன்பெல்லாம் கடல் கடந்த ஊரிலிருந்த பங்காளி அனுப்பிய கணக்கை, கண்ணால் காணாமலே, அவர் எழுத்தை நம்பி நம் பெரியவர்கள் பேரேட்டில் ஏற்றினார்கள். அந்தப் பங்காளிக்கும் ஒரு நொடி போதுமாகத்தான் இருந்தது.

இதில் ஒரு விலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கூட்டத்தார் ஆரம்பத்திலேயே, "கதைக்கு அவசியமானால் நீங்கள் பகடையை மாற்றிக்கொள்ளுங்கள், எங்களிடம் சொல்லவும் வேண்டாம்" என்று நடத்துபவரிடம் சம்மதித்து விட்டால், அது எல்லோரும் அறிந்த பாவனையாகிவிடுகிறது. இறக்கை துணி என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பலர் அந்தச் சம்மதத்தைக் கேட்பதே இல்லை.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. ஆட்டம் ஆரம்பிக்குமுன் ஒரு முதற்கூட்டம் கூடுவார்கள். செஷன் ஸீரோ என்று அதற்குப் பெயர். அன்று கதை கிடையாது. எவ்வகைக் கதை வேண்டும், எந்த விஷயம் பேசக்கூடாது, யாருக்கு எது ஒப்பாது என்பதையெல்லாம் பேசி முடிப்பார்கள். புதிதாகச் சேரும் பிள்ளை, விதிகள் தெரியவில்லையே என்று கூச்சப்பட்டு அன்று வாய்மூடி இருந்துவிடுவது வழக்கம். விதிகளை ஆடிக்கொண்டே கற்கலாம். அன்று கேட்க வேண்டியதைப் பிறகு கேட்பது கடினம். குருக்கள் பாத்திரம் வேண்டாம் என்பதை அன்று சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று அன்று கேட்க வேண்டும். "பகடையைத் திறந்து போடுவீர்களா, மறைத்துப் போடுவீர்களா? மறைத்துப் போட்டால் மாற்றுவதுண்டா?" என்றும் அன்று கேட்க வேண்டும். ரோல்20 போன்ற தளங்களில், நடத்துபவர் மறைக்க விரும்பினாலொழிய, யார் உருட்டினாலும் எண் எல்லோருடைய திரையிலும் தெரியும். திறந்து போடுகிறேன் என்று அவர் சொல்வாரானால் சிரமமே இல்லை. "அது என் இஷ்டம்" என்று சொல்வாரானால், வேறு கூட்டம் தேடிக்கொள்ளப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

சென்னை உறவினரோடு ஆடுகிறவர்கள் மணியையும் அன்றே பேசிக்கொள்ள வேண்டும். அங்கே இரவு எட்டு என்றால் இங்கே பத்தரை.